மாடறிந்த மண்ணில் குதிரை மருத்துவம்

குதிரையும் மாடும் ஒரே புல்லைத் தின்கின்றன. அதைச் செரிக்கும் விதம் முற்றிலும் வேறு. மாட்டின் வயிற்றில் முதல் அறையிலேயே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைத்து உடைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த அறை கிடையாது. அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். தீனி அங்கிருந்து சிறுகுடலைச் சில மணி நேரத்தில் கடந்து, பெருங்குடலுக்குப் போன பிறகே நுண்ணுயிர்களின் வேலை தொடங்குகிறது. குதிரையைப் படுக்க வைக்கும் நோய்கள் பலவற்றுக்கு வேர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. கால்நடை ஆய்வு கடந்த அரை நூற்றாண்டில் குதிரைக்குச் செய்த பெரிய நன்மையும் இதையொட்டியதே: மாட்டைப் பார்த்துக் குதிரையைப் பேணும் பழக்கத்தை அது ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறது.

கொங்கு நாட்டுக்கு இது நெருக்கமான செய்தி. காங்கேயம் காளையையும் பர்கூர் மாட்டையும் வளர்த்த மண் இது. மாட்டைப் பற்றி இங்குள்ள உழவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குதிரையோ இங்கே எண்ணிக்கையில் சிறுபான்மை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், மாடுகளுக்குப் பக்கத்திலேயே காது நுனி உள்நோக்கி வளைந்த மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் வரிசையாக நிற்கும். ரேக்ளா பந்தயங்களில் மாட்டு வண்டிக்குப் பிறகு குதிரை வண்டி ஓடும். உதகையில் 1886-இல் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் மட்டக் குதிரைகளும் அங்கே உண்டு. இந்தியா முழுவதிலும் 2012-இல் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்த குதிரை, மட்டக் குதிரைகளின் எண்ணிக்கை 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகச் சுருங்கிவிட்டது. விலங்கு குறையக் குறைய, அதை அறிந்த கைகளும் குறைகின்றன. லாடம் அடிப்பவரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருப்பதைக் குதிரை வளர்ப்போர் எல்லோரும் சொல்வார்கள்.

அறியாமல் பேணுவதால் குதிரை சாவது தமிழ்நாட்டில் பழைய கதை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பெருவிலைக்கு வாங்கப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை விரைவில் மாண்டுபோனதைப் பதிவு செய்திருக்கிறார். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டினார்கள் என்கிறார். அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த பார்லியும் வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கப்பட்டதாக எழுதுகிறார். அன்பும் செலவும் குறைவில்லாத தீனி அது. இன்றைய குதிரை மருத்துவர் ஒருவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டினால், குதிரைகள் எந்த நோய்களால் இறந்திருக்கும் என்று அவரால் ஏறக்குறைய ஊகித்துச் சொல்லிவிட முடியும்: ஒன்று வயிற்றுவலி, மற்றொன்று குளம்பு நோய்.

வயிற்றுவலி குதிரைக்குச் சாதாரண நோவு அன்று. உலகெங்கும் குதிரைகளின் இறப்புக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. இரைப்பையின் மேல்வாயிலில் உள்ள தசை வளையம் மிக இறுக்கமானது என்பதால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்நோக்கித்தான் போக வேண்டும். வழியில் அடைத்தால் வயிறு வெடிக்கும் அளவுக்கு உப்பும். பெருங்குடலோ மடிந்து மடிந்து கிடக்கும் நீண்ட குழாய். இடுப்பெலும்புக்கு அருகே அது சட்டென்று குறுகித் திரும்பும் இடத்தில்தான் நார் உருண்டை, மணல், பிளாஸ்டிக் பை எல்லாம் சிக்குகின்றன. தரையில் கொட்டிய தீனியோடு மணலும் உள்ளே போவதும், அவிழ்த்துவிடப்பட்ட குதிரை தெருவோரக் குப்பையில் மேய்வதும் இதனாலேயே உயிருக்கு ஆபத்தாகின்றன.

எந்தக் குதிரைக்கு வயிற்றுவலி வருகிறது என்பதை ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒரு பொதுக் காரணத்தைக் காட்டின. முந்தைய இரண்டு வாரங்களுக்குள் தீனியில் ஏற்பட்ட திடீர் மாற்றமே அது. தானியத்தின் வகை மாறுவது மட்டுமல்ல, ஒரு வகை உலர்புல்லிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதும் போதும். பெருங்குடல் நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக நாளாகும். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரையை லாரியில் ஏற்றி, புதிய கொட்டகையில் கட்டி, அன்றைக்கே புதிய தீனியை அள்ளிப் போடுவது இந்தக் கணக்கில் மிகப் பெரிய ஆபத்து. விற்றவரிடமே பத்து நாள் தீனியை வாங்கி வந்து, அதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே போனால் அந்த ஆபத்து பெரிதும் தணிந்துவிடும்.

தானியத்தின் அளவுக்கும் கணக்கு உண்டு. சிறுகுடல் மாவுச்சத்தை ஓரளவுக்குத்தான் செரிக்கும். மிஞ்சியது பெருங்குடலில் விழுந்தால் அங்கே அமிலம் பெருகி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. ஒரு வேளைத் தீனியில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்பது இன்றைய பரிந்துரை. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கம்பு. பந்தயத்துக்கு முந்தின நாள் தெம்புக்கென்று படிக்கணக்கில் தானியம் வைக்கும் வழக்கம் குதிரையைத் தெம்பாக்குவதில்லை. கொள்ளை வேகவைத்துக் கொடுக்கும் நம் ஊர் வழக்கத்துக்கோ ஆய்வின் ஆதரவு இருக்கிறது. பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, வேகும்போது அவை பெருமளவு அழிகின்றன.

இன்னொரு கண்டுபிடிப்பு உள்நோக்குக் குழாய் வழியாக வந்தது. சுமார் 3 மீட்டர் நீளமுள்ள குழாயை மூக்கு வழியே இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்தபோது, பயிற்சியிலுள்ள பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் புண் இருப்பது தெரிந்தது. குதிரையின் இரைப்பை இரவும் பகலும் இடைவிடாமல் அமிலம் சுரக்கிறது, ஏனெனில் இயற்கையில் அது ஒரு நாளின் பெரும்பகுதியை மேய்ந்தே கழிக்கும் விலங்கு. இரண்டு வேளை மட்டும் தீனி வைத்து இடையில் வெறும் வயிற்றோடு கட்டிப்போட்டால் அமிலம் இரைப்பையின் மேற்பகுதியை அரிக்கிறது. மனிதர்களுக்குத் தரும் ஒமிப்ரசோல் மருந்தே இதற்கும் பயன்படுகிறது. ஓட்டத்துக்கு முன் ஒரு பிடி காய்ந்த தட்டையை மெல்ல விடுவது செலவில்லாத காப்பு. நாரின் மிதவைப்படலம் அமிலம் மேலே தெறிப்பதைத் தடுக்கும்.

கொங்கு நாட்டின் தனிச் சிக்கல் புல்லிலேயே இருக்கிறது. காங்கேயம், தாராபுரம் வட்டாரத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் வெள்வேல மர நிழலில் வளரும் கொழுக்கட்டைப் புல்லைத் தின்றுதான் காங்கேயம் மாடு உருவாயிற்று. இதே புல்லினம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மேய்ச்சல் நிலங்களில் விதைக்கப்பட்டது. அங்கே மாடுகள் செழித்தன, குதிரைகள் நொண்டின. சில குதிரைகளுக்கு முகத்தின் இருபுறமும் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே எலும்பு புடைத்து, தாடை தடித்து, பற்கள் ஆடின. ஆய்வாளர்கள் அதற்கான காரணத்தைப் புல்லின் ஆக்சலேட்டில் கண்டார்கள். ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை முன்னதாகவே சிதைத்துவிடுவதால் மாட்டுக்குத் தீங்கில்லை. குதிரைக்கோ கால்சியத்தை உறிஞ்சும் சிறுகுடல் முதலில் வருகிறது, நுண்ணுயிர்கள் பிறகு வருகின்றன. கண்ணெதிரே பச்சைப் புல் நிறைந்திருக்க, குதிரையின் இரத்தத்தில் கால்சியம் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் தன் எலும்பையே கரைக்கிறது. கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து முகம் புடைக்கிறது. இதைப் பெருந்தலை நோய் என்கிறார்கள்.

கொழுக்கட்டைப் புல்லோடு இது முடியவில்லை. நீலகிரியில் பரவிக் கிடக்கும் கிகுயூ புல்லிலும், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுக் கொங்கு மாவட்டங்களில் பால் மாடு வைத்திருப்போர் பரவலாக வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் ஆக்சலேட் உண்டு. மாட்டுக்கு அவை அருமையான தீவனங்கள். அவற்றை மட்டுமே குதிரைக்கு மாதக்கணக்கில் போட்டால்தான் தொல்லை. அதன்மேல் தவிட்டையும் அள்ளி வைத்தால் கேடு இரட்டிப்பாகும். தவிட்டில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பல மடங்கு. அதுவும் கால்சியத்தை உறிஞ்சவிடாது. மாவு மில்களில் தவிடு தின்று வளர்ந்த குதிரைகளுக்கு இதே நோய் வந்ததை ஐரோப்பாவில் முன்பே கவனித்திருந்தார்கள். தீவனத்தில் கால்சியத்தின் அளவு ஆக்சலேட்டின் அளவில் பாதிக்குக் கீழே போனால் ஆபத்து என்று குயின்ஸ்லாந்து ஆய்வுகள் வரையறுத்தன. தீர்வும் இங்கேயே வளர்கிறது. கால்சியம் மிகுந்த குதிரைமசாலைத் தீனியில் சேர்க்கலாம், மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்புக் கலவை கொடுக்கலாம், தவிட்டைக் குறைக்கலாம். காரணம் தெரியாமல் மாறி மாறி நொண்டும் குதிரைக்கு லாடத்தைக் கழற்றி மாட்டுவதற்கு முன், அது என்ன தின்கிறது என்று கேட்பதே சரியான முதல் கேள்வி.

பாண்டிய நாட்டுக் குதிரைகளைக் கொன்றிருக்கக்கூடிய இரண்டாவது நோய் குளம்பின் உள்வீக்கம். குதிரையின் கால் எலும்பு குளம்பின் உட்சுவரோடு மெல்லிய மடிப்புகள் பலநூறால் கோத்துத் தொங்குகிறது. அந்த மடிப்புகள் வீங்கி விட்டுக்கொடுத்தால் எலும்பு கீழ்நோக்கிச் சரிந்து, உள்ளங்காலைத் துளைக்கும் நிலைக்கும் போகலாம். நெடுங்காலம் இது தானியம் அதிகம் தின்றதால் வரும் நஞ்சு என்று மட்டுமே கருதப்பட்டது. 2007-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், நலமாக இருந்த மட்டக் குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலின் அளவை மட்டும் உயர்த்தி வைத்தபோது மூன்று நாட்களுக்குள் இதே நோய் வருவதைக் காட்டினார்கள். பருத்து, கழுத்தின் மேல்விளிம்பில் கொழுப்பு திரண்ட குதிரையை அழகென்று பார்க்கும் கண்ணை இந்த முடிவு மாற்ற வேண்டும். அந்தத் திரட்சி இன்சுலின் கோளாற்றின் அடையாளமாக இருக்கக்கூடும். நோய் தொடங்கும் தறுவாயில் கால்களைப் பனிக்கட்டி நீரில் தொடர்ந்து நிறுத்தி வைப்பது மடிப்புகளைக் காக்கிறது என்பதும் ஆய்வில் தெளிவாகியிருக்கிறது.

வெயிலைப் பற்றிய அறிவு ஓர் ஒலிம்பிக் போட்டியால் வளர்ந்தது. 1996-இல் அட்லாண்டாவின் கோடை வெக்கையில் குதிரைப் போட்டிகள் நடக்கவிருந்ததால், அதற்கு முன் சில ஆண்டுகள் குதிரையின் உடல் வெப்பம் தீவிரமாக ஆராயப்பட்டது. ஓடி வந்து கொதிக்கும் உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும், குதிரை விழுந்துவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. நம் பக்கத்திலும் இருக்கிறது. சோதனைகள் அதைப் பொய்யாக்கின. குளிர்ந்த நீரை உடல் முழுவதும் விடாமல் ஊற்றுவதே வெப்பத்தை விரைவாகத் தணிக்கிறது. குதிரை கடும் உழைப்பில் மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கும். மாட்டின் வியர்வை அதோடு ஒப்பிடத்தக்கதன்று. குதிரையின் வியர்வையில் உப்பும் மிகுதி. நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் இரத்தம் அடர்வதில்லை, மூளைக்குத் தாகம் தெரிவதில்லை. நீர் வற்றிய குதிரை தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது இதனால்தான். முதலில் அளவாக உப்புக் கரைத்த நீரும் பிறகு நல்ல நீரும் காட்டினால் அது குடிக்கத் தொடங்கும்.

சட்டம் இதைவிட முன்னதாகவே ஓரளவு யோசித்திருக்கிறது. பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளின்படி, வெப்பம் 37 பாகை செல்சியசுக்கு மேல் போகும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது. ஈரோடும் கரூரும் சித்திரையில் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். அதே விதிகள் முள் வைத்த கடிவாளத்தையும் தடை செய்கின்றன. முள் இல்லாத கடிவாளமும் காயப்படுத்தும் என்பதைப் பின்லாந்தில் ஓட்டம் முடிந்த கையோடு 261 வண்டிப் பந்தயக் குதிரைகளின் வாயைத் திறந்து பார்த்த ஆய்வு காட்டியது. அவற்றில் 84 விழுக்காட்டுக்கு வாயில் புதிய காயம் இருந்தது. வெளியே இரத்தம் தெரிந்தவை மிகச் சிலவே.

தொற்றுநோய்களிலும் மாடு ஒரு விதம், குதிரை ஒரு விதம். 1880-இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், படைக் குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்றுகொண்டிருந்த சர்ரா நோயை ஆராய்ந்த கிரிஃபித் எவான்ஸ், அவற்றின் இரத்தத்தில் நெளியும் ஒற்றைச் செல் உயிரியைக் கண்டார். அந்த இனத்தில் நோய் உண்டாக்குவதாக அறியப்பட்ட முதல் உயிரி அது. கடித்து இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் அதை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்கின்றன. மாட்டிலும் எருமையிலும் அது பெரும்பாலும் வெளியே தெரியாமல் தங்கியிருக்கும். குதிரையிலோ விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்தசோகை, கால் வீக்கம், மருத்துவம் இல்லாவிட்டால் சாவு. மழை தொடங்கும் ஆடி மாதத்தில் மாடும் குதிரையும் நெருங்கி நிற்கும் சந்தைக்குப் போய்வந்த குதிரை சோர்ந்திருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

கிளாண்டர்ஸ் இதற்கு நேர்மாறு. மாட்டை அது தொடுவதே இல்லை. குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றின் மூக்கிலும் நுரையீரலிலும் தோலிலும் முடிச்சுகளும் புண்களும் உண்டாக்கி, மனிதருக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடியது. தடுப்பூசி கிடையாது. உறுதியானால் விலங்கை வலியின்றிக் கொன்று ஆழப் புதைப்பதே சட்டம். இந்தியாவில் இதற்கென 1899-லேயே தனிச் சட்டம் வந்தது. 2006-இல் மகாராஷ்டிரத்தில் நோய் மீண்டும் தலைகாட்டிய பிறகு, 1985-இல் ஹரியானாவின் ஹிசாரில் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் கிருமியின் ஒரு புரதத்தை மட்டும் ஆய்வகத்தில் தயாரித்து, அதைக் கொண்டு இரத்தப் பரிசோதனை முறையை உருவாக்கியது. முழுக் கிருமியைக் கையாளும் ஆபத்து இதில் இல்லை, தவறான முடிவுகளும் குறைவு. ஒரு குதிரையின் உயிரை எடுக்கும் முடிவு ஒரு துளி இரத்தத்தின் மேல் நிற்கும்போது, பரிசோதனையின் துல்லியமே அந்த விலங்குக்குக் கிடைக்கும் நீதி.

குடற்புழு விஷயத்தில் மாடு குதிரைக்கு உதவியே செய்கிறது. 1981-இல் விற்பனைக்கு வந்த ஐவர்மெக்டின், குடலின் இரத்தக் குழாய்களைச் சிதைத்த பெரும்புழு ஒன்றை ஏறக்குறைய அடக்கிவிட்டது. மருந்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கொடுத்ததன் விளைவாகச் சிறுபுழுக்கள் மருந்துகளுக்கு அடங்காதவையாகிவிட்டன. ஒரு கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக் குதிரைகளே புழு முட்டைகளில் பெரும்பகுதியை வெளியேற்றுகின்றன என்பதால், லத்தியில் முட்டையை எண்ணி அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பதே இன்றைய முறை. மாடும் குதிரையும் கலந்து மேயும் நிலத்தில் குதிரையின் புழுக்களை மாடு தின்று செரித்துவிடும். பிரான்சில் நடந்த ஆய்வு இளங்குதிரைகளில் முட்டை எண்ணிக்கை இதனால் வெகுவாகக் குறைவதைக் கண்டது. கொறங்காட்டில் மாட்டோடு ஒரு குதிரையையும் விட்டு மேய்ப்பவர் நல்லதைத்தான் செய்கிறார்.

இத்தனை நோய்களிலும் பொதுவான துன்பம் வலி. இரையாகும் விலங்கு வலியை மறைக்கும்; குதிரை கத்துவதில்லை. 2014-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், காயடிப்பு அறுவைக்கு முன்னும் பின்னும் குதிரைகளின் முகத்தைப் படமெடுத்து ஆறு அடையாளங்களைப் பிரித்தார்கள்: விறைத்துப் பின்னோக்கித் திரும்பிய காது, இடுங்கிய கண், கண்ணுக்கு மேல் புடைத்த எலும்புக் கோடு, இறுகிய தாடைத் தசை, இழுத்துப் பிடித்த வாயும் முனைத்த மோவாயும், விரிந்து இறுகிய மூக்குத் துளை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 12. கருவி எதுவும் வேண்டாம். தினமும் தீனி வைப்பவர் சிறிது பழகினாலே போதும். குளம்பு நோயில் வலிமருந்து போதுமா என்று பார்க்கவும் இந்த அளவுகோல் இப்போது பயன்படுகிறது. கால்நடை மருத்துவக் கல்விக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு பழையது. 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியை நிறுவிய குளோட் பூர்ஷெலா ஒரு குதிரையேற்ற ஆசிரியர். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ள இக்காலத்தில், இந்த ஆறு அடையாளங்கள் சந்தைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் படத்தோடு போய்ச் சேர வேண்டும்.

லாயத்திலேயே நின்று மனிதருக்காக இரத்தம் கொடுக்கும் குதிரைகளும் உண்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்தே இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு உழவர்களின் உயிரைக் காக்கும் இந்த விலங்குகளின் நலனுக்கும் ஆய்வு உதவியிருக்கிறது. பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் ரமோன், ஊசி போட்ட இடத்தில் வீக்கம் கண்ட குதிரைகள் அதிக எதிர்ப்பொருள் தருவதைக் கவனித்து, 1925-இல் தடுப்பூசியோடு மரவள்ளி மாவைக் கலந்து அதே பலனைப் பெற்றார். சேலத்திலும் நாமக்கல்லிலும் ஜவ்வரிசியாகும் அதே மரவள்ளிதான். துணைப்பொருள் சேர்த்தால் குறைந்த ஊசியில் அதிகப் பலன் கிடைக்கும் என்ற அந்த அறிவு இன்று மனிதத் தடுப்பூசிகள் பலவற்றுக்கும் அடிப்படை. பின்னாளில் தாய்லாந்து ஆய்வாளர்கள், மிகச் சிறிய அளவு நஞ்சைக் கழுத்தில் பல இடங்களில் பிரித்துப் போட்டால் புண்ணாகாமலே நல்ல பலன் கிடைப்பதைக் காட்டினார்கள். எடுத்த இரத்தத்தில் பிளாஸ்மாவை மட்டும் பிரித்துக்கொண்டு சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பி ஏற்றும் முறை அதை இரத்தசோகையிலிருந்து காக்கிறது.

குதிரையே தேவைப்படாத மருந்தையும் தேடுகிறார்கள். 2024-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, நாகம், கட்டுவிரியன் குடும்பத்துப் பாம்புகளின் நஞ்சில் நரம்பைத் தாக்கும் முக்கியமான ஒரு வகை நச்சுக்கு எதிராக வேலை செய்யும் செயற்கை எதிர்ப்பொருள் ஒன்றை ஆய்வகத்தில் உருவாக்கி, எலிகளில் சோதித்து வெற்றி கண்டன. இரத்தத்தையும் திசுவையும் சிதைக்கும் கண்ணாடி விரியனின் நஞ்சுக்கு அது பயன்படாது. நான்கு பாம்புகளின் கடிக்கும் மருத்துவமனைகள் இன்றும் குதிரை தரும் மருந்தையே நம்பியிருக்கின்றன.